எப்போதிலிருந்து

முப்பத்தொன்று என்று சொல்லி ஒரு சீட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனாள் அந்த நர்ஸ். அதில் முப்பத்தொன்றுதான் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், அதாவது பார்க்கிற மாதிரி பார்த்தேன், பழக்கம் விடுமா, சரி என்று தலையை வேறு ஆட்டிவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இங்கே எதற்கு இந்த நடிப்பு. இது கண் தெரியாதவர்கள் உட்காருகிற பெஞ்சு. மாதத்தில் ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியில் மருத்துவ வாரியம் கூடுகிறது, கண் டாக்டர் பார்த்து உனக்குப் பார்வை இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதை வைத்து இனி வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று டிப்போவில் எழுதுவார்கள், அதை வைத்து முன்கூட்டியே பென்சன், ஊனமுற்றோர் அட்டை, எல்லாம் நடக்கும். எழுதிக் கொடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறேன், சேர்ந்திருந்த லீவெல்லாம் போன மாதத்தோடு தீர்ந்து சம்பளம் நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருஷம் அரசாங்க பஸ் ஓட்டியவன், நாச்சிமுத்து டிரைவர் வண்டி என்றால் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம் என்று ரூட்டில் பேர் வாங்கியவன், இன்றைக்குப் பெண்டாட்டி சாந்தாமணி முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்திருக்கிறேன். எத்தனை படி என்று அவள் எண்ணிச் சொன்னாள், சத்தமாகவே சொன்னாள், காது கேட்காதவனுக்குச் சொல்கிற மாதிரி. எதிரே வந்த யாரோ ‘பாவம், வழி விடுப்பா’ என்று ஒதுங்கினார்கள். ரோட்டில் எனக்கு எவ்வளவோ பேர் ஒதுங்கியிருக்கிறார்கள், அது ஹாரனுக்கு. இது பாவத்துக்கு. முகம் எரிந்தது. அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சாந்தாமணி கவரைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடியும் திறக்கிறாள். ஆதார் நகல், போட்டோ, ஸ்கேன் எடுத்த தாள், டிப்போ மேனேஜர் கொடுத்த கடிதம், எல்லாம் இருக்கிறதா என்று பத்தாவது தடவை சரி பார்க்கிறாள். விண்ணப்பத்தையும் அவள்தான் நிரப்பினாள், நேற்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எட்டாவது வரைக்கும் படித்த குண்டு குண்டுக் கையெழுத்தில். நான் எதிரே உட்கார்ந்து பேர் சொன்னேன், பிறந்த தேதி சொன்னேன், பணியில் சேர்ந்த தேதி சொன்னேன், எல்லாவற்றையும் சட்டுச் சட்டென்று சொன்னேன். ஒரு கட்டத்துக்கு மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். இப்போது பெஞ்சில் அதையே கேட்கிறாள்.

“ஏனுங்க, இந்த ஒரு கட்டத்த மட்டும் விட்டு வெச்சிருக்கறனுங்க. எப்பருந்து பார்வை கொறஞ்சுதுன்னு கேட்டிருக்குது. என்ன போடட்டுங்க?”

“உள்ள போயிப் போட்டுக்கலாம்.”

“உள்ள போனா டாக்டர் கேக்க மாட்டாங்களா? ஏழு மாசம்னு போட்டர்றனுங்க.”

“கேட்டா நான் சொல்லிக்கறேன் புள்ள. நீ செத்த சும்மா இரு.”

சும்மா இருந்தாள். ஏழு மாதம் என்றுதான் அவளுக்குத் தெரியும். ஒருநாள் டூட்டி முடிந்து வந்து, கண் திடீரென்று மங்கிவிட்டது சாந்தா, சர்க்கரை கண்ணுக்கு இறங்கிவிட்டது போல என்று சொன்னேன், அவள் அழுதாள், தலையில் எண்ணெய் வைத்தாள், மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். வெள்ளியில் இரண்டு கண் வாங்கிச் சாத்தியும் விட்டாள். ஏழு மாதம் என்பது நான் சொன்ன நாளிலிருந்து. மங்கினது நாலு வருஷத்துக்கு முன்னால். ஏழு மாதம் என்று எழுதினால் பொய், அந்த டாக்டர் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தால் பிடித்துவிடுவாரோ என்று பயம். நாலு வருஷம் என்று எழுதினால் நிஜம், அந்த நாலு வருஷமும் வருஷா வருஷம் கண் சோதனையில் ‘தகுதி’ என்று வாங்கின சர்டிபிகேட் டிப்போ பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்து மேஜையில் வைத்து ஏன்டா நாச்சிமுத்து என்று கேட்பார்கள், பென்சன் நிற்கும், கேஸ் ஆகும், கண்டக்டர் கந்தவேலும் மாட்டுவான். இந்த ஒரு கட்டம் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. சாந்தாமணி என் விரலை எடுத்து அதன்மேல் வைத்து, இதுதானுங்க என்று காட்டினாள்.

முதலில் போனது இடது கண். சர்க்கரை இருந்தது, மாத்திரை போட்டேன், போடாத நாளும் உண்டு, வண்டி ஓட்டுகிறவனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு ஏது. ஒருநாள் காலையில் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தேன், துடைத்துவிட்டு உள்ளே ஏறினால் நடுவில் ஒரு அழுக்கு அப்படியே இருக்கிறது, இறங்கி மறுபடியும் துடைத்தேன், மூன்றாவது தடவை துடைக்கும்போதுதான் அழுக்கு கண்ணாடியில் இல்லை என்று தெரிந்தது. வலது கண்ணும் பின்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டிப்போவில் எங்காவது உட்கார வைப்பார்கள், டயருக்குக் காற்றுப் பிடிக்கிற இடத்தில் ஸ்டூல் போட்டு, போகிற வருகிற டிரைவரெல்லாம் என்னண்ணா நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே போவான்கள். அதற்குச் செத்துப் போகலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. மகள் தாரணி படிப்பு முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே தேதி வைத்துக்கொண்டேன். படிப்பும் முடிந்தது, பனியன் கம்பெனி ஆபீசில் வேலைக்கும் போனாள், சரி இவள் கல்யாணம் முடியட்டும் என்று தேதியை நகர்த்தினேன். கண் சோதனை என்று ஒன்று உண்டே என்றால், அது ஒரு கூத்து. வருஷத்துக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு டிரைவர்களாகக் கூட்டிக்கொண்டு போவார்கள், சுவரில் இங்கிலீஷ் எழுத்துப் பலகை, கதவைச் சாத்தமாட்டார்கள், வரிசையில் நிற்கிறவனுக்கு உள்ளே வாசிக்கிறவன் சத்தம் கேட்கும். முன்னால் நிற்கிற ஒன்பது பேரும் ஒரே பாடத்தை ஒப்பித்தால் பத்தாவது ஆளுக்குக் கண் எதற்கு. நான் எப்போதும் கடைசியில் நின்றேன். சீனியர் அண்ணன் எவ்வளவு பெருந்தன்மை என்று பையன்கள் நினைத்தான்கள். முதல் வருஷம் காதால் வாங்கி ஒப்பித்தேன், இரண்டாவது வருஷத்துக்குக் குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், ஈ, எஃப் பி, டி ஓ இசட், எல் பி ஈ டி, தண்ணீர் சத்தத்தில் வெளியே கேட்காது. சாந்தாமணி ஒருநாள் கேட்டாள், என்னங்க மந்திரமா என்று. ஆமாம் என்றேன். அந்த ஆமாமை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கந்தவேலைச் சொல்ல வேண்டும். என் கண்டக்டர், பதினோரு வருஷம் ஒரே வண்டியில். அவனிடம் நான் சொல்லவில்லை, அவனாகவே கண்டுபிடித்தான். கண்டக்டருக்கு விசிலில் இரண்டே பாஷை, ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் போ. இவன் மூன்றாவதாக ஒன்று வைத்தான். இடது பக்கம் ஏதாவது வந்தால் சின்னச் சின்னதாக மூன்று. முன்படியில் நின்றுகொண்டு டிக்கெட் கிழிக்கிற மாதிரியே ரோட்டைப் பார்த்து ஊதுவான், நான் வலது பக்கம் ஒடிப்பேன். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, கந்தவேலு இன்னைக்குக் குஷியாக இருக்கிறான், பாட்டு ஊதுகிறான் என்று சிரிப்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பால்காரன். வாய்க்கால் பாலம் தாண்டினதும் ஒரு வளைவு, கந்தவேல் பின்னால் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான், விசில் வரவில்லை, ஏதோ உரசின சத்தம்தான் வந்தது. நிறுத்தி இறங்கினால் ஒரு மொபெட் பள்ளத்தில் கிடக்கிறது, கேன் கவிழ்ந்து ரோடெல்லாம் பால், அந்த ஆள் முழங்கால் தேய்ந்து எழுந்து நிற்கிறான். நான் என்ன செய்தேன். ‘கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? பஸ்ஸு வர்றது தெரியலியாடா?’ என்று கத்தினேன். இருபத்தெட்டு வருஷமாக ரோட்டில் யாரைப் பார்த்தாலும் நான் கத்துகிற வாசகம் அதுதான், வாய் தன்னால் சொல்லிவிட்டது. அந்த ஆள் கைகூப்பினான். தப்புதானுங்க டிரைவரண்ணா, நான்தானுங்க கவனிக்கல என்றான். கூப்பின கையில் பால் சொட்டியது, அது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது எனக்கு. ஜனங்கள் ஜன்னலில் தலையை நீட்டி அவனைத்தான் திட்டினார்கள். வண்டியில் ஏறின பிறகு கந்தவேல் என் பக்கத்தில் வந்து நின்று, அண்ணா போதுமுங்கண்ணா என்றான், மெதுவாகத்தான் சொன்னான். கல்யாணம் முடியட்டும்டா என்றேன். இன்னொரு தடவையும் சொன்னான், இன்னொரு தடவையும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை, வேற ரூட்டுக்கு எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் போன நாலாம் நாள் நான் லீவு போட்டேன். மனசாட்சி உறுத்தி இறங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், நன்றாகத்தான் இருக்கும். விசில் இல்லை, அதனால் இறங்கினேன். அவ்வளவுதான் நான்.

“இருவத்தெட்டு! இருவத்தெட்டு யாரு? நம்பரச் சொன்னா எந்திரிச்சு வாங்கப்பா.” அட்டெண்டர் வாசலில் நின்று கத்துகிறான். அவனுக்கு இன்றைக்கு ஒரே உற்சாகம். “சும்மா தெரியலங்க தெரியலங்கன்னு நடிக்காதீங்க. போன மாசம் ஒருத்தர் சுத்தமாத் தெரியலன்னாரு, வெளிய போறப்ப கீழ கெடந்த ஹேர்பின்னத் தாண்டிப் போறாரு. டாக்டரம்மா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்காங்க.” பெஞ்சில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், குரலை வைத்துப் பார்த்தால் வயசானவர், உங்களுக்குப் பார்வைக் குறைவு எவ்வளவு சதவீதம் போடுவாங்க என்று கேட்டார். தெரியாது என்றேன். நீங்க என்ன வேலைங்க என்றார். நான் பதில் சொல்வதற்குள் சாந்தாமணி சொன்னாள், கவர்மெண்ட் பஸ் டிரைவருங்க, இருவத்தெட்டு வருசம், ஒரு ஆக்சிடெண்ட் கெடையாதுங்க, மெடலு வாங்கியிருக்காருங்க. அவள் குரல் அப்படி நிமிர்ந்தது. அந்த மெடல் வீட்டில் டிவிக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அது கொடுத்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மேடையில் கலெக்டர் இடது பக்கத்திலிருந்து கை நீட்டினபோது கை எங்கே என்று தெரியாமல் நான் கும்பிட்டேன், எல்லோரும் பணிவு என்று கை தட்டினார்கள். அடேயப்பா என்றார் பக்கத்து ஆள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேசாமல் எங்கள் தொழிற்சங்கத்துக்காரர் சொல்லிக் கொடுத்ததை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நாச்சிமுத்தண்ணா, உள்ள போனா மொத எழுத்தே தெரியலன்னுருங்க, மழுப்பக் கூடாது, எப்பருந்துன்னு கேட்டா ஏழு மாசம், வேற ஒண்ணும் பேசாதீங்க. தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மையும்கூட. உண்மையைச் சொல்ல ஒத்திகை பார்க்கிற நிலைமை எனக்கு. தெரியவில்லை, தெரியவில்லைங்க, தெரியலீங்கம்மா. எப்படிச் சொன்னாலும் யாசகம் கேட்கிற மாதிரியே இருக்கிறது.

முப்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். சாந்தாமணி என்னைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள். மினரல் தண்ணீர் கேன் ஒன்று எங்கோ குபுக்கென்றது, ஃபேன் ஓடியது, டெட்டால் வாசனை. டாக்டரம்மா சின்ன வயசு போல, தாரணி குரல் மாதிரியே ஒரு குரல், உட்காருங்கய்யா, பயப்படாதீங்க என்றார். சொட்டு மருந்து விட்டது, லைட் அடித்தது, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னது எல்லாம் ஆயிற்று. அப்புறம் திரும்பி உட்காரச் சொன்னார். எதிரே ஒரு வெளிச்சப் பெட்டி, பால் கொட்டின மாதிரி ஒரு வெள்ளை, அதற்குமேல் எனக்கு ஒன்றுமில்லை. என் வலது கண்ணை ஒரு அட்டையால் மூடினார், அந்த வெள்ளையும் போயிற்று. ‘எது வரைக்கும் தெரியுதோ அது வரைக்கும் படிங்கய்யா’ என்றார். அந்த வார்த்தை. எது வரைக்கும் தெரியுதோ அது வரைக்கும். நாலு வருஷமாக அதே வார்த்தைக்கு நான் நடுங்கியிருக்கிறேன், அதைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது, கை முழங்கால்மேல் போய் உட்கார்ந்தது, கதவோரம் பெண்டாட்டி நிற்கிறாள், தாரணி குரலில் ஒரு பெண் கேட்கிறாள், தெரியாது என்று சொல்லக் கூடாது, சொன்னால் இறக்கிவிடுவார்கள், எதிலிருந்து இறக்குவார்கள் என்றுகூட அந்த நேரம் தோன்றவில்லை. ஈ, என்றேன். எஃப் பி. டி ஓ இசட். எல் பி ஈ டி. பி ஈ சி எஃப் டி. நல்ல வேகம், நடுவில் ஒரு திக்கல்கூட இல்லை, குளியலறையில் சொன்னதைவிடச் சுத்தமாக வந்தது. ஈ டி எஃப் சி என்று ஆறாவது வரிக்குள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அறையில் வேறு யாரும் பேசவில்லை என்பது காதில் விழுந்தது.

“நிறுத்துங்கய்யா,” என்றார் டாக்டரம்மா. கோபம் இல்லை. “உங்க ஸ்கேன் என் கையில இருக்கு. இந்தக் கண்ணுல மேல இருக்கற பெரிய எழுத்துகூடத் தெரிய வாய்ப்பில்ல. மனப்பாடமா?”

“ஆமாங்கம்மா.”

“இந்தத் தழும்பு பழசுங்கய்யா. ஏழு மாசம், எட்டு மாசத்துல வர்றது இல்ல. இங்க ஒரு கட்டம் காலியா இருக்கு. உங்க பார்வை இவ்வளவுதான்னு நான் எழுதிக் குடுத்துருவேன், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா எப்பருந்துங்கறத நீங்கதான் சொல்லணும், நீங்க சொல்றதத்தான் நான் எழுதுவேன். அத வெச்சு உங்க டிப்போல என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. சொல்லுங்க, எப்பருந்து?”

ஏழு மாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சங்கத்துக்காரர் சொல்லிக் கொடுத்தது வாயில் தயாராக இருந்தது. ஆனால் இப்போதுதான் ஒரு மனப்பாடத்தை ஒப்பித்து மாட்டியிருக்கிறேன், உடனே இன்னொன்றை ஒப்பிக்க நாக்கு எழவில்லை.

“நாலு வருசம் ஆச்சுங்கம்மா,” என்றேன்.

கவர் கீழே விழுந்தது. தாளெல்லாம் சிதறின சத்தம், அதை யாரும் பொறுக்கவில்லை. சாந்தாமணி கதவோரத்திலிருந்து நடந்து வந்தாள், வளையல் சத்தத்தில் தெரிந்தது, எனக்கு முன்னால் நின்றாள். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாலு வருசமுங்களா?”

“ம்.”

“அப்பத்தானுங்க தாரணி காலேஜுக்குப் போயிட்டிருந்தா. தெனமும் உங்க வண்டிலதான போனா. பிரைவேட் பஸ்காரன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவான், அதுல ஏறாத, நேரமானாலும் செரி, அப்பா வண்டி வரட்டும், அதுலயே போன்னு நான்தானுங்க சொல்லிச் சொல்லி அனுப்பிச்சிட்டிருந்தேன்.”

குரல் உயரவில்லை. டாக்டரம்மாவின் பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் அழுதிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், அழாமல் நின்றாள், அதனால் எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது, என் பக்கம் ஒரே ஒரு நியாயம் உண்டு, அதை இத்தனை நாளும் நான் பத்திரமாக வைத்திருந்தேன், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று.

“அவ வண்டில இருக்கறப்ப நான் வெரசலா ஓட்டுனதே இல்ல புள்ள. ஏறுன எடத்துலருந்து காலேஜ் ஸ்டாப் வரைக்கும் முப்பதத் தாண்ட மாட்டேன். கந்தவேலுகிட்டக் கேட்டுப் பாரு. அவ எறங்கறவரைக்கும் உசுரக் கையில புடிச்சிட்டுத்தான் ஓட்டுவேன்.”

“எறங்குனதுக்கு அப்பறமுங்க?”

இந்தக் கேள்வியை அவள் வேண்டுமென்று கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும், சாதாரணமாகத்தான் கேட்டாள். காலேஜ் ஸ்டாப்புக்கு அடுத்தது ஸ்கூல் ஸ்டாப். நாற்பது, ஐம்பது பிள்ளைகள் பையோடு ஏறும், படியில் தொங்கும், டிரைவரண்ணா ஹாரன் அடிங்க என்று கேட்கும், நானும் அடிப்பேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ஒன்பது இருபதுக்கு உட்கார்ந்திருப்பான், ஒரு நிமிஷம் தாமதமானாலும் எழுதுவான். தாரணிக்காக விட்ட நேரத்தை அங்கிருந்துதான் பிடிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை அமுக்குவேன். பிள்ளைகள் கூச்சல் போடும், சந்தோஷக் கூச்சல், வேகமாகப் போனால் அதுகளுக்குப் பிடிக்கும்.

“அப்பறம் டைமப் புடிக்கோணுமில்ல,” என்றேன்.

டாக்டரம்மாவின் பேனா எழுதிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.